மலைப்பாதை சைக்கிளுக்கு எந்தக் கிளிப்லெஸ் பெடல்?

கேள்வி: மலைப்பாதைகளில் ஓட்டும் சைக்கிளுக்குக் கிளிப்லெஸ் பெடல் வாங்க நினைக்கிறேன். விழும்போது கால் மாட்டிக்கொள்ளுமோ என்ற பயம் இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. அதையே முதல் அளவுகோலாக வையுங்கள். எடை, தோற்றம் எல்லாம் பிறகு. ஷூவின் அடியில் திருகிய கிளீட் என்ற சிறு உலோகத் துண்டைப் பெடல் கவ்விக்கொள்கிறது, குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடுகிறது. எவ்வளவு எளிதில் விடுகிறது என்பதுதான் பெடலுக்குப் பெடல் மாறுகிறது.

புதிதாகப் பழகுபவருக்கு ஷிமானோ நிறுவனத்தின் எஸ்பிடி வகைப் பெடலையே சொல்வோம். பிடியின் இறுக்கத்தை 3 மி.மீ. ஆலன் சாவியால் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதே காரணம். பெடலுக்கு இருபுறம் என்று மொத்தம் 4 திருகுகள். நான்கையும் மிகத் தளர்வான நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, பழகப் பழக ஒரே எண்ணிக்கையில் ‘கிளிக்’ ஏற்றுங்கள். ஒருபுறம் இறுகியும் மறுபுறம் தளர்ந்தும் இருந்தால், அவசரத்தில் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று காலுக்குத் தெரியாது.

கிளீட்டையும் கவனியுங்கள். பெடலோடு பெரும்பாலும் வரும் எஸ்எச்51, பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். தனியாக வாங்கக்கூடிய எஸ்எச்56 பல திசைகளில் விடும். பழகும் காலத்துக்கு அது நல்லது. ஆனால் குதிக்கும்போதும் ஏற்றத்தில் பெடலை மேலே இழுக்கும்போதும் அது தானாகக் கழன்றுவிடலாம். அப்படி நடக்க ஆரம்பித்தால் 51-க்கு மாறிவிடுங்கள்.

ஓயாத சேறுதான் உங்கள் பாதை என்றால் கிராங்க் பிரதர்ஸ் நிறுவனத்தின் பெடல் பொருத்தம். நான்கு பக்கமும் மாட்டலாம், திறந்த அமைப்பு என்பதால் சேறு தங்காது. ஆனால் இறுக்கத்தை மாற்ற வழியில்லை. பித்தளைக் கிளீட் சீக்கிரம் தேயும்.

சுற்றிலும் அகலமான தட்டு உள்ள பெடல், மாட்டாமல் ஓட்டும் தருணத்தில் காலுக்கு ஆதாரம். அதே அகலம் பாறையில் இடிக்கவும் செய்யும்.

கேள்வி: குதிகாலை முழுவதும் திருப்பியும் ஷூ விடவில்லை. பெடல் கெட்டுவிட்டதா?

பதில்: முதலில் கிளீட் போல்ட்டைச் சந்தேகியுங்கள். இரண்டில் ஒன்று விழுந்தாலோ தளர்ந்தாலோ, கிளீட் பெடலிலேயே நிற்க, ஷூ மட்டும் சுழலும். ஓடும்போது இது நேர்ந்தால் ஆபத்து. ஷூவிலிருந்து காலை உருவிக்கொண்டு, பெடலின் இறுக்கத்தை முழுதும் தளர்த்திவிட்டுக் கழற்றப் பாருங்கள். மீண்டும் பொருத்தும்போது மரையில் கிரீஸ் தடவி, 4 மி.மீ. ஆலன் சாவியால் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை முறுக்குங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி முறுக்கிப் பார்ப்பது கட்டாயம்.

கிளீட்டின் இடம்: பாதத்தின் முன்பந்து (பெருவிரலுக்குப் பின்னால் உள்ள சதைப்பகுதி) பெடல் அச்சுக்கு நேராகவோ, சில மி.மீ. முன்னாலோ வரும்படி வையுங்கள். அதற்குக் கிளீட்டைக் குதிகால் பக்கம் தள்ள வேண்டும். இறக்கத்தில் எழுந்து நிற்க அது வசதி, கெண்டைக்காலும் சீக்கிரம் சோராது. போல்ட் சரியாக இருந்தும் கால் விடவில்லையென்றால், ஷூவின் ரப்பர் பற்கள் பெடலில் உரசுகின்றனவா என்று பாருங்கள். கிளீட்டுக்கும் ஷூவுக்கும் இடையில் மெல்லிய தகடு ஒன்று வைத்தால் தீரும்.

கேள்வி: பெடலை நானே மாட்டலாமா?

பதில்: தாராளமாக. இடது பெடலுக்கு மட்டும் மரை எதிர்த்திசை. இரண்டுக்குமே சைக்கிளின் முன்பக்கம் நோக்கித் திருப்பினால் இறுகும். முதல் சில சுற்றுகளை விரலால்தான் திருக வேண்டும்; கோணலாக ஏறினால் கிராங்க் கையின் (பெடல் மாட்டும் தண்டின்) மரை போய்விடும்.