அடுத்தவர் கடிகாரம்

வணக்கம் ஐயா,

ஜிபிஎஸ் போல இடம் காட்ட இந்தியா சொந்தமாக விட்டிருக்கும் நாவிக் செயற்கைக்கோள்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் பினாங்கில், பிறை என்ற ஊரில் லோரி ஓட்டுகிறேன். வழி காட்டும் வேஸ் செயலி இல்லாமல் எனக்கு ஒரு நாளும் ஓடாது. ஜிபிஎஸ் இதுவரை என்னிடம் ஒரு காசு கேட்டதில்லை, ஒரு நாளும் கதவடைத்ததில்லை. அமெரிக்கா சும்மா தரும்போது இந்தியா எதற்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டும்? வெறும் கௌரவத்துக்காகச் செய்வதாகவே எனக்குப் படுகிறது. ராணுவத்துக்கு என்கிறீர்கள். ராணுவத்திடம் வரைபடம் இல்லையா? அப்புறம், இந்தியாவே தனியாக வைத்துக்கொள்கிறது என்றால் நம் மலேசியாவின் நிலை என்ன? என் மகள் பொலிடெக்னிக்கில் நில அளவை படிக்கிறாள். அவளும் இதைத்தான் கேட்கிறாள்.

ஒரு வாசகர், பிறை

அன்புள்ள நண்பருக்கு,

'கதவடைத்ததில்லை' என்கிறீர்கள். அடைத்திருந்தார்கள். முழுக்க அல்ல, பாதி. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை ஜிபிஎஸ் பொதுமக்களுக்குத் தந்த சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. ஏறக்குறைய 100 மீட்டர் வரை இடம் தப்பிக் காட்டும். துல்லியமான சமிக்ஞை பூட்டுப் போட்டு அவர்கள் படைக்கும் நட்பு நாடுகளுக்கும் மட்டும் போனது. அதிபர் கிளின்டன் உத்தரவிட்ட பிறகுதான் அந்தப் பிழை நின்றது. உங்கள் வேஸ் ஓடுவது அந்த உத்தரவின் மேல்தான்.

கார்கில் போர் நடந்தது 1999ல். அப்போது இந்தியா ஜிபிஎஸ் தகவல் கேட்டு அமெரிக்கா மறுத்தது என்று பல இடங்களில் சொல்லப்படுகிறது. அந்தக் கதையை நம்பித்தான் என் வாதம் நிற்க வேண்டும் என்றில்லை. 100 மீட்டர் பிழை அந்த வருடம் எல்லோருக்கும் பொதுவாக அமலில் இருந்தது, அது போதும். மலை முகட்டுச் சண்டையில் 100 மீட்டர் என்றால் குண்டு முகட்டின் அந்தப் பக்கம் போய் விழுவது.

வரைபடம் பற்றிக் கேட்டீர்கள். வரைபடத்தைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். விமானத்திலிருந்து விழும் குண்டுக்குக் கண் கிடையாது. சாதாரணக் குண்டின் வாலில் ஒரு கருவியைப் பூட்டி, ஜிபிஎஸ் வழியாக இலக்குக்குக் கொண்டுபோகும் ஜேடாம் என்ற ஏற்பாடு 1999ல் யூகோஸ்லாவியாவில் முதன்முதலாகப் போரில் இறங்கியது. ஜிபிஎஸ் கிடைத்தால் அது இலக்குக்கு 5 மீட்டருக்குள் விழும், கிடைக்காவிட்டால் 30 மீட்டர் என்று அமெரிக்க விமானப்படையே சொல்கிறது. இலக்குக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தால் அந்த 25 மீட்டர் வித்தியாசம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மிச்சமும் விளங்கும். செயற்கைக்கோள் உங்களுக்கு வழி காட்டுவதில்லை. 'நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது' என்று மட்டும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தக் குரல் வந்து சேர எவ்வளவு நேரமானது என்று உங்கள் கைப்பேசி பார்த்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். இடத்துக்கு மூன்று, கைப்பேசியின் மட்டமான கடிகாரத்தைச் சரிசெய்ய ஒன்று. மணியில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் போய்விடும். ஆக, நாம் இரவல் வாங்குவது இன்னொருவருடைய கடிகாரத்தை. போர் என்று வந்தால் அந்தக் கடிகாரம் யாருடையது என்பதுதான் கேள்வி.

இந்தியாவுக்கு நாவிக்கில் அடி விழுந்ததும் கடிகாரத்தில்தான். இதைப் போன கட்டுரையில் நான் போதுமான அளவு சொல்லவில்லை. 1,420 கோடி ரூபாய்த் திட்டம். முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலையில் போனது, ஏழாவது 2016 ஏப்ரலில். முதல் செயற்கைக்கோளில் ஐரோப்பாவிலிருந்து வாங்கிப் பொருத்திய ருபீடியம் அணுக் கடிகாரங்கள் மூன்றுமே நின்றுபோயின. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பியது, ராக்கெட்டின் வெப்பக் கவசம் கழலாமல் உள்ளேயே அடைபட்டுப் போனது. அகமதாபாத்தில் இஸ்ரோ சொந்தமாகச் செய்த கடிகாரம் 2023 மே மாதம்தான் மேலே போனது. 2025 ஜனவரியில் ஏவிய அடுத்த செயற்கைக்கோளுக்கு, வால்வு திறக்காததால் சுற்றுப்பாதையை உயர்த்த முடியவில்லை. அதே வருடம் நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன கணக்குப்படி, அதுவரை அனுப்பிய பதினொன்றில் இடம் காட்டும் வேலையைச் செய்தவை நான்கு. நான்குதான் குறைந்தபட்சம். எனக்கு இது மனவேதனை தரும் செய்தி. ஆனால் திட்டம் வீண் என்பதற்கு இது சாட்சியாகாது. கடிகாரத்தையும் வெளியில் வாங்கினால் சொந்தம் என்பது பாதிதான் என்று அவர்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். உங்கள் வீட்டு ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி டிஷ்ஷைக் கவனித்திருப்பீர்கள். கிட்டத்தட்ட வானத்தைப் பார்த்து மல்லாந்திருக்கும். அதற்குப் படம் அனுப்பும் மீசாட் செயற்கைக்கோள் நம் உச்சிக்கு அருகில் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் நிற்பதே காரணம். அதே வளையத்தில் இன்னும் கொஞ்சம் மேற்கே, 83 பாகையில், நாவிக்குக்கு என்று ஓர் இடம் இருக்கிறது. இந்திய எல்லையிலிருந்து 1,500 கிலோமீட்டர் வரை நாவிக் சேவை என்று இஸ்ரோ சொல்கிறது. நிக்கோபாரின் தென்முனையிலிருந்து பினாங்கு சுமார் 730 கிலோமீட்டர். நாம் கேட்காமலே அந்த வட்டத்துக்குள்தான் குடியிருக்கிறோம்.

போன மாதம் ஃபெரியில் பட்டர்வொர்த் வரும்போது, செயற்கைக்கோள்களைக் கொடியோடு வரிசைப்படுத்திக் காட்டும் ஒரு செயலியைத் திறந்தேன். நடுக்கடலில் முப்பதுக்கும் மேல் தெரிந்தன. சீனக் கொடிகளே அதிகம். அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பா எல்லாம் இருந்தன, ஜப்பானும் ஒன்றிரண்டு இருந்தது. இந்தியக் கொடி இல்லை. என் கைப்பேசியின் சில்லு அதை வாங்காது. பக்கத்தில் இருந்த தம்பியின் புதிய கைப்பேசியில் இரண்டு தெரிந்தன. சீனா பெய்டோ என்ற தன் சொந்த ஏற்பாட்டை 2012ல் நம் வட்டாரத்துக்கு மட்டும் திறந்துவிட்டு, 2020ல்தான் உலகம் முழுதுக்கும் விரித்தது. நம் தலைக்கு மேல் அவர்கள் கூட்டமாக இருப்பது அதனால்தான். நீங்கள் 'ஜிபிஎஸ்' என்று சொல்லிக்கொண்டு ஓட்டும் வழியில் பாதியை பெய்டோ காட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

சாதாரண நாளில் இது மலேசியாவுக்கு நல்லதுதான். ஒருவர் அடைத்தால் இன்னொருவர் இருப்பார். ஆனால் பொதுமக்களுக்கான சமிக்ஞை வேறு, பூட்டிய ராணுவச் சமிக்ஞை வேறு. அந்தப் பூட்டின் சாவியைத் தருவதும் தராததும் அதை வைத்திருப்பவர்களின் விருப்பம். உங்கள் வீட்டுக்கு மேல் இரைந்துகொண்டு போகும் பட்டர்வொர்த் ஹார்னெட் போர் விமானங்கள் அமெரிக்கத் தயாரிப்பு, கோங் கெடாக் விமானப்படைத் தளத்தில் நிற்கும் சுகோய்கள் ரஷ்யத் தயாரிப்பு. யார் கடிகாரத்தைப் பார்த்துப் பறப்பது என்பது நமக்கு எளிதான கேள்வி அல்ல.

சொந்தச் செயற்கைக்கோள் இருந்தாலும் தீராத ஒரு கவலை உண்டு. இந்தச் சமிக்ஞை தரைக்கு வரும்போது மிக மிக மெலிந்துவிடும். பக்கத்தில் யாராவது அதே அலைவரிசையில் கொஞ்சம் உரக்கக் கத்தினால் அமுங்கிப்போகும். அதைவிட மோசம், பொய்ச் சமிக்ஞை. 2017 ஜூனில் கருங்கடலில் இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் தாங்கள் கரையில் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகத் தங்கள் கருவியில் பார்த்தன. மலாக்கா நீரிணையில் வரிசையாகப் போகும் கப்பல்களுக்கு ஒரு இரவு அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. பூட்டிய சமிக்ஞையில் ஏமாற்றுவது மிகக் கடினம். அமுக்குவதை அதனாலும் முழுக்கத் தடுக்க முடியாது.

ஆகவே நாமும் ஏழு செயற்கைக்கோள் விட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தரையில் நம் கையில் இருப்பதைப் பலப்படுத்த வேண்டும். உங்கள் மகளுக்கு மைஆர்டிகேநெட் தெரிந்திருக்கும். நம் நில அளவைத் துறையான ஜூபெம் நாடெங்கும் நட்டு வைத்திருக்கும் நிலையங்களின் வலை அது. செயற்கைக்கோள் சொல்வது எவ்வளவு தப்பு என்று நம் மண்ணில் நின்று அளந்து, அளவையாளருக்குச் சென்டிமீட்டர் கணக்கில் திருத்தம் தருகிறது. பொய்ச் சமிக்ஞை வந்தால் அதை முதலில் கண்டுபிடிக்கக்கூடிய இடமும் இது போன்ற நிலையங்கள்தான். இதற்குச் செய்யும் செலவை யாரும் கௌரவச் செலவு என்று சொல்ல முடியாது.

மகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். அமெரிக்கக் கடற்படை, அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் தன் அன்னாபொலிஸ் கழகத்தில் கைவிட்டிருந்த நட்சத்திரம் பார்த்து வழி காணும் பாடத்தை 2015ல் திரும்பக் கொண்டுவந்தது. அவள் வகுப்பிலும் கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியை வெயிலில் நிறுத்தி, கோணம் கோணமாக அளந்து, எல்லைக்கல் வரை போகும் பயிற்சி இருக்கும். செயற்கைக்கோள் கருவி ஐந்து நிமிடத்தில் செய்வதை எதற்கு அரை நாள் செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் அந்த வகுப்புக்கு மட்டம் போடுவார்கள். அவளை அதற்குத் தவறாமல் போகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து