டிரில் டீச்சர் பதில்கள்: குழுவில் சேர எத்தனை வயசு ஆகணும்?

(பதில் சொல்பவர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது டெலிகிராமில் ஓர் உடற்பயிற்சிக் குழு நடத்துகிறார். பிள்ளைகள் ஆன்லைன் ஆரோக்கியக் குழுக்களில் சேரலாமா என்று கேட்டு வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறார்.)

என் மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. என் நாத்தனார் இருக்கும் 'வெயிட் லாஸ்' வாட்ஸ்அப் குழுவில் அவளும் சேர்ந்தாள். எல்லாரும் தன்மையான பெண்கள், யாரும் யாரையும் கிண்டல் செய்வதில்லை. தினமும் காலையில் எடை மெஷின்மேல் நின்று கால்விரலோடு சேர்த்துப் படம் எடுத்துப் போடுகிறாள். கைதட்டல் ஸ்டிக்கராக வந்து குவிகிறது. ராத்திரிச் சாப்பாடு ஒரு வெள்ளரிக்காயோடு முடிந்துவிடுகிறது. ரெண்டு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. குழுவை விட்டு வெளியே வா என்றால் அழுகிறாள்.
– ஒரு தாய், இராஜபாளையம்

முதலில் டாக்டர். குழு விவகாரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எடை குறைந்துகொண்டே வரும்போது பீரியட்ஸும் நின்றால், 'இந்த வயசில் அப்படித்தான் முன்னே பின்னே வரும்' என்று விட்டுவிடக் கூடாது. மூணாவது மாதம் வரை காத்திருக்காமல் இந்த வாரமே கூட்டிப்போங்கள். ஆறு மாதத்துக்கு முன் எவ்வளவு எடை, இப்போது எவ்வளவு, கடைசியாகப் பீரியட்ஸ் வந்த தேதி, தலைசுற்றல் உண்டா, முடி கொட்டுகிறதா, எல்லாரும் வேர்க்கிற அறையில் அவளுக்கு மட்டும் குளிர்கிறதா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

இப்போது குழு. அதில் கெட்டவர்கள் யாரும் இல்லை என்கிறீர்கள். நம்புகிறேன். இரண்டு பிள்ளை பெற்று, சர்க்கரை எட்டிப் பார்க்கிற நாற்பத்திரண்டு வயசுப் பெண் அஞ்சு கிலோ குறைத்தால் நானும் கை தட்டுவேன். அதே கைதட்டலை உங்கள் மகளுக்கும் கொடுக்கிறார்களே, அங்கேதான் கோளாறு. பெரியவளானபின் இருக்கப்போகும் எடையில் ஏறத்தாழப் பாதி இந்தப் பருவத்தில்தான் சேருகிறது. எடை ஏறுவதுதான் அவள் உடம்பு இப்போது செய்ய வேண்டிய வேலை. அந்த வேலை நின்றுபோனதற்குத் தினமும் காலையில் முப்பது பேர் பாராட்டு தெரிவிக்கிறார்கள். திட்டுகிற குழுவாக இருந்திருந்தால் அவளே என்றைக்கோ வெளியே வந்திருப்பாள்.

அங்கே உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கிற பி.எம்.ஐ. கணக்குப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அது பெரியவர்களுக்கான கணக்கு. 5 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் ஆண், பெண் தனித்தனியாக வளர்ச்சி வரைபடம் வைத்திருக்கிறது. வயசையும் சேர்த்துப் பார்த்தால்தான் குண்டா, ஒல்லியா, சரியா என்று சொல்ல முடியும். டாக்டரிடம் அந்த வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மகளும் பார்க்கட்டும். பல பிள்ளைகள் நடுக்கோட்டில் இருந்துகொண்டே 'நான் குண்டு' என்று அழுதுகொண்டிருப்பார்கள்.

கோ-கோ மாணவிகளில் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு வந்தவளை நான் கேட்டுக் கண்டுபிடித்ததில்லை. முதல் சேஸிங் முடிந்ததும் உதடு வெளுத்திருக்கும், கையைப் பிடித்தால் உள்ளங்கை ஜில்லென்று ஈரமாக இருக்கும். நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதோடு வெள்ளரிக்காய் டின்னரும் சேர்ந்தால் என்ன ஆகும்?

வெளியே கொண்டுவருகிற வேலையை நாத்தனாரிடம் விடுங்கள். போனைப் பிடுங்கினால் வேறு பெயரில், வேறு குழுவில் இருப்பாள். அதில் அத்தையும் இருக்க மாட்டார். நாத்தனார் அட்மினிடம் பேசி, 18 வயதுக்குக் கீழே யாரும் கிடையாது என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு விதி போடச் செய்யட்டும். அவளை மட்டும் நீக்கினால் அவமானமாகிவிடும். எடை மெஷினைப் பரணில் ஏற்றுங்கள், உங்களுக்கும் அது வேண்டாம். டாக்டர் சரி என்ற பிறகு சாயங்காலம் ஷட்டிலோ ஸ்கிப்பிங்கோ ஆடலாம். சாப்பாட்டை ஒளித்துவைப்பது, சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடுவது என்று ஏதாவது தெரிந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, தமிழில் பேசலாம்.

உங்கள் டெலிகிராம் குழுவில் சேரக் கேட்டேன். வயசு 16 என்று உண்மையைச் சொன்னதும் முடியாது என்றுவிட்டீர்கள். பொய் சொன்னவனுக்கு இடம், உண்மை சொன்னவனுக்குத் தண்டனையா? ஜிம்மில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஜிம் குழுவில் அண்ணன்கள் கிரியேட்டின் (தசை ஏற்ற எடுக்கிற பவுடர்) எடு என்கிறார்கள். வெயிட் தூக்கினால் உயரம் நின்றுபோகும் என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?
– பிளஸ் ஒன் மாணவன், ஆம்பூர்

தம்பி, உண்மை சொன்னதற்கு சபாஷ். ஆனாலும் கதவு திறக்காது.

என் குழுவில் இருப்பவர்களுக்கு முழங்கால் வலி, பி.பி., சர்க்கரை. 'சாதத்தைப் பாதியாக்குங்கள்' என்று நான் எழுதுவது அவர்களுக்கு. நீ அதைப் படித்துவிட்டு உன் தட்டிலும் பாதியாக்குவாய். இன்னொன்று, குழுவில் யாராவது பவுடர் விற்றால் நான் அழித்துவிடுவேன். உன் இன்பாக்ஸுக்கு நேரே வந்து விற்றால் எனக்குத் தெரியாது. முதலில் எடை ஏற்றுகிற 'மாஸ் கெய்னர்' பவுடர், அப்புறம் 'சீக்கிரம் ஏறுற' மாத்திரை, கடைசியில் ஊசி என்று போகும். மூணாவது, மாதா மாதம் சட்டையைக் கழற்றிப் போடுகிற முன்-பின் படம். முப்பது வயசு ஆள் போடுவது அவர் இஷ்டம். பதினாறு வயசுப் பையனின் படம் முகம் தெரியாத இருநூறு போன்களில் இருப்பதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.

உயர விஷயத்தில் அப்பா சொல்வது தப்பு, மரியாதையாக எடுத்துச் சொல். எலும்பு நுனிகளில் வளர்கிற பகுதி உன் வயசில் இன்னும் மூடாமல் இருக்கலாம். அதற்காக வெயிட்டே தொடக் கூடாது என்பதில்லை. தெரிந்த கோச் பக்கத்தில் நின்று, முறை சரியாக, பன்னிரண்டு பதினைந்து தடவை அலுங்காமல் தூக்கக்கூடிய எடையில் செய்தால் உயரம் நிற்காது. ஒருத்தன் செல்போனில் வீடியோ எடுக்க, 'ஒரே தூக்கில் எவ்வளவு' என்று போட்டி போடுவீர்களே, அடிபடுவது அங்கேதான்.

கிரியேட்டின் வேண்டாம். 18 வயதுக்குக் கீழே இந்த மாதிரிப் பொருட்களைத் தவிர்க்கச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. நம் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடம்பு ஏற்றப் புரோட்டீன் பவுடரைத் தேடிப் போகாதே என்று எழுதியிருக்கிறது. 16 முதல் 18 வயதுப் பையனுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்குப்படி நாளைக்குச் சுமார் 55 கிராம் புரதம் போதும். ரெண்டு முட்டையில் 12 கிராம், ரெண்டு டம்ளர் பாலில் இன்னொரு 12, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் பத்துக்கு மேல். மிச்சம் சாதம், சாம்பார், தயிரிலேயே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் விழுகிற கறியை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை, நீ ஆம்பூர்க்காரன்.

இன்ஸ்டாகிராம் 13 என்கிறது. ஆஸ்திரேலியா 16 என்கிறது. நம் சட்டம் 18 என்று பேப்பரில் படித்தேன். எதை நம்புவது? மகனுக்கு வயது 14.
– ஒரு தந்தை, வில்லியனூர்

இந்த எண்கள் எதுவும் உங்கள் மகனின் உடம்பைப் பார்த்து வைத்ததில்லை. 13 என்பது 1998-இல் அமெரிக்கா போட்ட சட்டத்திலிருந்து வந்தது. 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமில்லாமல் கம்பெனிகள் திரட்டக் கூடாது என்றது அது. சம்மதம் வாங்குவது தலைவலி என்று, 13-க்குக் கீழே கணக்கே கிடையாது என்று கம்பெனிகள் எழுதி வைத்துவிட்டன. அந்த எண் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஐரோப்பாவில் 2018 முதல் 16. அதை 13 வரை இறக்கிக்கொள்ள அந்தந்த நாட்டுக்கு உரிமை உண்டு.

நம் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18-க்குக் கீழே எல்லாரும் குழந்தைதான். பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வாங்க வேண்டும், பிள்ளையின் நடவடிக்கையைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது, மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. ஆனால் சம்மதம் வாங்குகிற பகுதிக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சேரவே கூடாது என்ற தடை நம் சட்டத்தில் இல்லை. தடை போட்டது ஆஸ்திரேலியா: 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப் எதிலும் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. வாட்ஸ்அப் அந்தப் பட்டியலில் இல்லை. நம்மூரில் உடம்பு குறைக்கிற குழுக்கள் பெரும்பாலும் எங்கே நடக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

என் கணக்கு இது. எடை குறைக்கிற, உடம்பு ஏற்றுகிற குழு எதுவும் 18 வரை வேண்டாம். ஓட்டம், நீச்சல், சைக்கிள் என்று ஒரு விளையாட்டுக்கான குழுவென்றால், நேரில் தெரிந்த கோச் நடத்துவதாக இருந்தால், 14 வயசுப் பையன் சேரட்டும், நீங்களும் கூடவே இருங்கள். இன்ஸ்டாகிராமில் பதின்வயதினருக்கென்று தனிக் கணக்கு முறை 2025-இல் இந்தியாவுக்கு வந்திருக்கிறது. 16-க்குக் கீழே இருப்பவர்கள் அதன் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். பிறந்த தேதி உண்மையாக இருந்தால்தான் இது வேலை செய்யும். தொல்லை விட்டால் போதும் என்று வருஷத்தை மாற்றிப் போட்டுக்கொடுத்த அப்பாக்களை எனக்குத் தெரியும். நீங்கள் அப்படி இல்லையே?

மகளுக்கு 14 வயது. டைப்-1 சர்க்கரை. நான் இருக்கும் பெற்றோர் குழுவில் தன்னையும் சேர்க்கச் சொல்கிறாள். 18 வயது ஆகணும் என்கிறார் அட்மின். இதற்கும் நீங்கள் வேண்டாம் என்பீர்களா?
– ஒரு தாய், நாகர்கோவில்

மாட்டேன். எடை குறைக்கும் குழுவுக்கு நான் சொல்வதை இதற்குப் பொருத்தாதீர்கள். மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் இன்சுலின் பேனாவை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்க் குத்திக்கொண்டு வருகிற பிள்ளைக்கு, 'நான் கிளாஸிலேயே எல்லார் முன்னாடியும் போட்டுக்கிறேன்' என்று இன்னொரு பதினாலு வயசுக்காரி சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. அதை நீங்களும் நானும் சொல்ல முடியாது.

ஆனால் பெற்றோர் குழுவில் அட்மின் சொல்வதும் சரிதான். அங்கே நீங்கள் எல்லாம் அழுவீர்கள், பிற்காலத்தைப் பற்றிப் பயப்படுவீர்கள். அதை மகள் படிக்க வேண்டாம். அவளைப் பார்க்கிற டாக்டரிடம் கேளுங்கள். இந்த வயசுப் பிள்ளைகளுக்கென்று தனிக் குழு இருந்தால் சேர்க்கலாம். இல்லாவிட்டால் நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து, நர்ஸ் ஒருவரை அட்மினாக வைத்து ஆரம்பியுங்கள். யாரும் யாருக்கும் எத்தனை யூனிட் போடுவது என்று சொல்லக் கூடாது, அது டாக்டர் வேலை. தனி மெசேஜ் கூடாது. எடையைப் பற்றிய பேச்சே கூடாது. கடைசி விதியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இன்சுலினைக் குறைத்தால் எடை இறங்கும் என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவரும். அப்படிச் செய்து உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு.

எங்கள் அபார்ட்மென்ட் '10,000 ஸ்டெப்ஸ்' குழுவில் ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகளும் சேரலாமா? ஓடிய பாதையை மேப்பில் பகிர்வோம்.
– குழு அட்மின், சரவணம்பட்டி

பத்தாயிரம் என்பது 1960-களில் ஜப்பானில் நடை எண்ணும் கருவி விற்க வைத்த எண். பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்குச் சராசரியாக 60 நிமிஷம் மூச்சு வாங்குகிற மாதிரி விளையாட்டு. கீழே இறங்கிப் பந்து விளையாட விட்டால் அது முடிந்தது. தரவரிசைப் பலகையில் அவர்கள் பெயர் எதற்கு?

மேப் கண்டிப்பாக வேண்டாம். ஓட்டக்காரர்கள் பயன்படுத்தும் ஸ்ட்ராவா ஆப் 2017-இல் வெளியிட்ட வரைபடத்தில், சிப்பாய்கள் ஓடிய பாதையை வைத்தே ராணுவ முகாம்கள் எங்கே இருக்கின்றன என்று 2018-இல் கண்டுபிடித்துவிட்டார்கள். எட்டாம் வகுப்புப் பெண் தினமும் ஆறேகாலுக்கு எந்தத் தெருவில் திரும்புகிறாள் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

எனக்கு 68 வயது. என் போனிலிருந்து, என் பெயரில், 13 வயதுப் பேத்தி ஒரு ஃபிட்னஸ் குழுவில் சேர்ந்திருக்கிறாள். நேற்று யாரோ 'சார், பிளாங்க் எத்தனை நிமிஷம்?' என்று கேட்டபோதுதான் எனக்கே தெரியும்.
– ஒரு தாத்தா, கும்பகோணம்

உங்கள் பிளாங்க் நேரத்தைப் பார்த்து அங்கே பல பேருக்குப் பொறாமையாக இருந்திருக்கும். சிரித்து முடித்துவிட்டு, குழுவிலிருந்து விலகுவதற்கு முன் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழைய மெசேஜ்களை இரண்டு பேருமாகப் பாருங்கள். முக்கியமாகத் தனியாக வந்தவற்றை. அவள் யார் என்று தெரிந்துகொண்டு யாராவது படம் கேட்டிருந்தால், வீடியோ காலுக்குக் கூப்பிட்டிருந்தால், எதையும் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ, சைபர் குற்றப் பிரிவின் 1930-க்கோ கூப்பிடுங்கள். பேத்தியைத் திட்ட வேண்டாம். திட்டினால் அடுத்த முறை உங்களிடம் வர மாட்டாள். ஒன்றும் இல்லையென்றால் விலகிவிட்டு, போனுக்கு ஒரு பூட்டு எண் போடுங்கள். அதை எப்படிப் போடுவது என்று பேத்தியிடம் மட்டும் கேட்காதீர்கள்.