லொறியில் உடைந்து வந்த மிஷின்: காசை யாரிடம் கேட்பது?

கேள்வி: வணக்கம் அண்ணா. விசுவமடுவில் சின்னதாக ஒரு மில் நடத்துகிறேன். சங்கத்தில் கடன் எடுத்து, கொழும்பு பழைய சோனகத் தெருவில் 285,000 ரூபாவுக்கு மிளகாய் அரைக்கும் மிஷின் ஒன்று வாங்கினேன். லொறியை நானே பேசி ஏற்றுவித்தேன். இரவில் வந்து இறங்கியபோது பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. பிரித்துப் பார்க்காமல் கையெழுத்து வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் வார்ப்பு உடல் வெடித்து, ஷாப்டும் வளைந்திருக்கிறது. 'சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று லொறிப் பில்லின் பின்பக்கம் அச்சடித்திருப்பதை லொறிக்காரர்கள் காட்டுகிறார்கள். பத்தாயிரம் தருகிறோம், கையெழுத்து வையுங்கள் என்கிறார்கள். புது மிஷின் விலையைக் கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம் தங்கச்சி. முதலில், அந்தப் பத்தாயிரத்தை வாங்கிக் கையெழுத்து வைக்காதீர்கள். 'இத்துடன் கணக்குத் தீர்ந்தது' என்று ஒரு வரி அதில் இருந்தால் மிச்சக் காசைக் கேட்பது பெரும்பாடாகிவிடும்.

பில்லின் பின்பக்கத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்த ஒரு வரியை வாசித்துவிட்டே பலர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தின்படி, கவனயீனத்தால் வந்த நட்டத்தைத் தட்டிக்கழிக்கும் நிபந்தனை நியாயமானதாக இருந்தால் மட்டுமே செல்லும். தரைவழியாகப் பொருள் ஏற்றுவோர் விடயத்தில் நம் நாடு 1866 முதல் ஆங்கிலச் சட்டத்தையே பின்பற்றுகிறது. எல்லாருக்கும் கூலிக்கு ஏற்றுபவர், ஏற்றிய பொருளை ஏற்றியபடியே இறக்கிக் கொடுக்க வேண்டும் என்பது அதில் பழைய விதி. பொதி ஒழுங்காகக் கட்டப்படவில்லை என்றுதான் அவர்கள் சொல்லப் பார்ப்பார்கள். ஆகவே பெட்டி, பலகை, ரெஜிபோம் எதையும் எறியாதீர்கள். நசுங்கிய மூலையைப் படம் எடுங்கள். மிஷினை இப்போதைக்குத் திருத்தக் கொடுக்கவும் வேண்டாம்.

எவ்வளவு கேட்பது? திருத்தக்கூடியதென்றால் திருத்தச் செலவுதான். நல்ல மெக்கானிக் ஒருவரோ விற்ற கடையோ 'இது இனிச் சரிவராது' என்று எழுதித் தந்தால், மிஷின் விலையோடு கொடுத்த லொறிக் கூலியையும் சேர்த்துக் கேளுங்கள். உங்களுடையது புதுசு என்பதால் இது சுலபம். ஐந்து வருடம் ஓடிய மிஷின் என்றால் அதன் அன்றைய பெறுமதிதான் கிடைக்கும், புது விலை கிடைக்காது.

மில் ஓடாத நாட்களின் வருமானம் வேறு கதை. 1854இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கும் மில்லுக்காரருடையதுதான். உடைந்த ஷாப்டை வண்டிக்காரர் பிந்திக் கொண்டுபோய்க் கொடுத்ததால் மில் கூடுதல் நாட்கள் பூட்டிக் கிடந்தது. அது இல்லாமல் மில் ஓடாது என்பதை வண்டிக்காரருக்கு முன்பே தெரியப்படுத்தவில்லை என்று சொல்லி, இழந்த வருமானத்தை நீதிமன்றம் கொடுக்கவில்லை. இன்றைக்கும் அதுதான் அளவுகோல். ஏற்றும்போது 'இது வராவிட்டால் மில் பூட்டுத்தான்' என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதியிருந்தால் தேடி எடுங்கள்.

கையெழுத்து வைத்தது பெட்டி வந்து சேர்ந்ததற்குத்தான், உள்ளே இருந்தது நல்லபடி இருந்ததற்கு அல்ல. ஆனாலும் நாட்கள் போகப் போக 'இறக்கிய பிறகு உங்கள் வீட்டில்தான் விழுந்தது' என்பார்கள். இன்றைக்கே கடிதம் எழுதி, தொகையையும் 14 நாள் தவணையையும் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் போடுங்கள்.

பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், இதைத் தவற விடாதீர்கள். விசாரித்து நட்டஈடு கொடுக்க உத்தரவிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. எங்கே கொடுப்பது என்று 1977க்கு அடித்துக் கேட்கலாம். மத்தியஸ்த சபைக்கும் போகலாம், அங்கே சட்டத்தரணி தேவையில்லை. இணக்கம் வராவிட்டால் அவர்கள் தரும் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள், நீதிமன்றம் போக நேர்ந்தால் கேட்பார்கள்.

அப்புறம், கடிதத்தின் பிரதி ஒன்றைக் கடன் தந்த சங்கத்திலும் கொடுத்து, தவணைக்கு இரண்டு மாத அவகாசம் கேட்டுப் பாருங்கள்.