அலுக்காத நேரடி இசை என்றால் எனக்கு மேளச் சமா தான்

கேள்வி: எத்தனை தடவை நேரில் போய்க் கேட்டாலும் அலுக்காத கச்சேரி, இசைக்குழு எது? கொழும்பில் இருப்பவர்கள் எதைச் சொல்வீர்கள்?

கோயில் வீதியில் சாமி வெளியே வரும்போது நடக்கும் நாதஸ்வர தவில் கச்சேரியைத்தான் சொல்வேன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் அதை மேளச் சமா என்போம். டிக்கெட் இல்லை, கதிரை இல்லை. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், சில இரவுகளில் நான்கு தவில், ஒரு தாளம், ஒரு சுருதிப் பெட்டி. ஏறத்தாழ முப்பது வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். திருவிழாக் காலம் என்றால் இன்றும் வேலை முடிந்ததும் பஸ் பிடித்து நேரே அங்கேதான் போவேன்.

இந்தப் பழக்கம் அம்மப்பாவிடமிருந்து வந்தது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்கு முதல் தடவை போனேன். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி 1912 வரை கருங்கல்லில் திருப்பிக் கட்டுவித்த கோயில் அது. உள்ளே கால் வைத்தால் தூணும் கூரையும் எல்லாம் கல். அந்தக் கல்லுக்குள் நாதஸ்வரம் ஒலித்தால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாது, எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும். சின்ன வயதில் எனக்கு அது பயமாக இருந்தது. அம்மப்பா குனிந்து, "பயப்பிடாதை, அந்தக் குச்சி பிடிச்சிருக்கிறவரின்ர கையை மட்டும் பார்" என்றார். அன்று தொடங்கியதுதான்.

அந்தக் கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தவிலின் உடல் பலா மரத்தில் குடைந்தது. ஒரு பக்கத்தை இடது கையில் பிடித்த பூவரசங்குச்சியால் அடிப்பார்கள், அது அடிவயிற்றில் போய் இறங்கும். மற்றப் பக்கம் வலந்தலை. அதை வாசிக்கும் வலது கை விரல்களில் துணியும் பசையும் சுற்றிக் காயவைத்த கூடுகள் போட்டிருப்பார்கள். விரல் ஒவ்வொன்றும் ஒரு சின்னச் சுத்தியல் மாதிரி விழும். இரண்டு கையும் வெவ்வேறு கதை சொல்லிக்கொண்டே போய், தாளம் போடும் பையனின் ஜால்ரா விழும் இடத்தில் ஒன்றாக வந்து இறங்கும். அந்த இறக்கத்தில் சனம் தன்னையறியாமல் தலையாட்டும். பாட்டுப் படித்தவர்கள், படிக்காதவர்கள் என்ற வித்தியாசம் அதில் இல்லை.

அம்மப்பா யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலை நேரில் கேட்டவர். 1975இல் மறைந்த அந்த மேதையைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அவர் தன் முழங்காலில் தட்டிக் காட்ட முயல்வார், பிறகு "இல்லை, அது கையால சொல்ல ஏலாது" என்று நிறுத்திவிடுவார். தமிழ்நாட்டுப் பெரிய நாதஸ்வர வித்துவான்களே தங்களுக்குத் தவில் வாசிக்க அழைத்த மனிதர் அவர். எனக்கு அவரைக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை, ஒலிப்பதிவுகளில்தான் கேட்டேன். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் அப்படித்தான். ஆனால் அவர்கள் போட்ட வழியில் வந்தவர்கள் இன்றும் வாசிக்கிறார்கள். அவர்களைத்தான் நான் தேடித் தேடிப் போய்க் கேட்கிறேன்.

சரி, ஏன் அலுப்பதில்லை? சாமி வசந்த மண்டபத்திலிருந்து புறப்படும்போது மல்லாரி வாசிப்பார்கள். ராகம் கம்பீரநாட்டை. அதில் பாட்டு வரி கிடையாது, முழுக்கச் சொற்கட்டுத்தான், அதாவது தாளச் சொற்களின் கோவை. அதையே மெதுவாக ஒருமுறை, இரட்டிப்பு வேகத்தில் ஒருமுறை, பிறகு அதையும் இரட்டித்து. ஆண்டாண்டாக வருவது அதே ராகம், அதே மல்லாரி. ஆனால் அன்றைக்கு எத்தனை பேர் சாமி தூக்குகிறார்கள், எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், வீதி மூலையில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து வாசிப்பு நீளும், சுருங்கும், திரும்பும். மேடைக் கச்சேரியில் வித்துவான் நினைத்த இடத்தில் முடிப்பார். இங்கே சாமி நின்றால் தோடி ராகம் விரியும், நகர்ந்தால் கால் எடுத்து வைக்கும் நடைக்கு வாசிப்பு மாறும். நாதஸ்வரத்தில் வாசிக்கும் துளைகள் ஏழுதான். நடுவிலுள்ள சுரங்களும், கமகங்கள் என்கிற சுர அசைவுகளும் மூச்சின் அழுத்தத்திலும், ஊதும் நாக்கான சீவாளியை உதட்டில் பிடிக்கிற விதத்திலும், துளையைப் பாதி மூடுகிற விரலிலும்தான் பிறக்கின்றன. அதனால் ஒரே மனிதர் ஒரே ராகத்தை அடுத்தடுத்த இரண்டு நாள் வாசித்தாலும் இரண்டு ராகம் கேட்ட மாதிரி இருக்கும்.

எனக்கு மறக்காத ஓர் இரவு உண்டு. கோயிலின் பெயர் வேண்டாம், கொழும்பில் ஒரு சிறிய கோயில்தான். சாமி தெருவுக்கு வந்து பாதி தூரம் போயிருக்கும், பின்னால் தள்ளிக்கொண்டு வந்த ஜெனரேட்டர் நின்றுவிட்டது. சோடனை விளக்கெல்லாம் அணைந்தது, மைக்கும் போனது. ஆட்கள் டோர்ச் தேடி ஓடினார்கள். மேளக்காரர்கள் மட்டும் நிறுத்தவில்லை. பெரிய தவில்காரர் மற்றவரைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தார், தவில் மட்டும் வாசிக்கும் தனி தொடங்கியது. ஒருவர் ஒரு தாளக் கோர்வை வாசிக்க, மற்றவர் அதை வாங்கி, கொஞ்சம் மாற்றித் திருப்பிக் கொடுத்தார். ஸ்பீக்கரைச் சுற்றி நின்ற சனமெல்லாம் மெல்ல மெல்ல நெருங்கி வந்து வட்டமாக நின்றது. தீவட்டி வெளிச்சத்தில் அந்த இரண்டு பேரின் நெற்றியில் வேர்வை ஓடுவது தெரிந்தது. முக்கால் மணித்தியாலமாவது இருக்கும். வெளிச்சம் திரும்ப வந்தபோது சிலர் "ஐயோ" என்றார்கள். நானும் சொன்னேன்.

அந்த வட்டத்தில் ஒரு சிங்கள ஓட்டோ சாரதியும் நின்றார். வாகனத்தை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தவர். நாதஸ்வரத்தைக் காட்டி, இது எங்கள் ஹொரணாவ மாதிரியா என்று என்னிடம் கேட்டார். ஹொரணாவவும் இரட்டை நாக்கு வைத்து ஊதும் குழல்தான், பெரஹரா ஊர்வலத்தில் கேட்டிருப்பீர்கள். சொந்தக்காரர்தான், ஆனால் இது நீளம், தொனியும் வேறு என்றேன். அவர் கடைசி வரைக்கும் நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

அந்த இரவுக்குப் பிறகு மண்டபக் கச்சேரிகளில் எனக்குப் பொறுமை குறைந்துவிட்டது. ஒருமுறை ஒரு பெரிய ஹோலில் தவிலுக்குப் பக்கத்திலேயே மைக்கை வைத்து முழுச் சத்தத்தில் விட்டிருந்தார்கள். தவில் திறந்த வீதிக்கென்றே பிறந்த வாத்தியம். அதற்கு மேல் மைக் வைத்தால் அடி மட்டும் கேட்கும், விரல் கேட்காது. நாதஸ்வரம் எங்கே போனதென்றே தெரியவில்லை. இடைவேளையில் எழுந்து வந்துவிட்டேன். வாசித்தவர்களை நினைத்துத்தான் மனம் நொந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து நானூறு கிலோமீட்டர் இரவு பஸ்ஸில் வந்து, விடியற்காலை முகூர்த்தத்துக்குக் கல்யாண வீட்டில் வாசித்து, பின்னேரம் திரும்பவும் வாசிக்க வருபவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல சத்தம் அமைத்துக் கொடுப்பது நாங்கள் செய்யக்கூடிய மிகக் குறைந்த மரியாதை.

வேறு எதையும் திரும்பத் திரும்பக் கேட்டதில்லையா என்றால், கேட்டிருக்கிறேன். ஜிப்சீஸ் என்ற சிங்களப் பாட்டு இசைக்குழுவை நான்கு தடவை பார்த்தேன். அதன் பாடகர் சுனில் பெரேரா மேடைக்கு வந்தால் யாரும் கதிரையில் இருக்க மாட்டார்கள். 2021இல் அவர் போன செய்தி வந்த அன்று வெள்ளவத்தையில் எங்கள் மாடியில் மூன்று வீட்டில் அவருடைய பாட்டு ஓடியது, மூன்றும் தமிழ் வீடுகள். இலங்கை சிம்பனி இசைக்குழுவும் நல்ல அனுபவம், வருடத்தில் ஒரு தடவை போனால் எனக்குப் போதும். சினிமாப் பாட்டு வாசிக்கும் இசைக்குழுக்கள் கல்யாண வீட்டுக்குச் சரி, அவற்றைத் தேடிப் போனதில்லை.

நீங்கள் போவதென்றால் சில விஷயம். ஆடி வேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் ஊர்வலம் வரும். மேளம் அதில் கேட்கலாம், ஆனால் கூட்டமும் வாகனச் சத்தமும் அதிகம். முதன்முதல் கேட்பவர்கள் கோயில் திருவிழாவின் நடு நாட்களில் ஒரு கிழமை நாள் இரவாகப் பார்த்துப் போங்கள். தேருக்கும் தீர்த்தத்துக்கும் வரும் சனம் அன்று இருக்காது, வித்துவான்கள் ஆறுதலாக வாசிப்பார்கள். நாதஸ்வரத்தின் அணசுக்கு, அதாவது விரிந்த வாய்க்கு, நேர் முன்னால் நிற்காதீர்கள், காது தாங்காது. தவில்காரருக்குப் பக்கவாட்டில், பத்தடி தள்ளி, வலந்தலை தெரிகிற மாதிரி நில்லுங்கள். ஆலாபனை நடக்கும்போது போனை உயர்த்திப் பிடிக்காமல் கேளுங்கள், தெரிந்த சினிமாப் பாட்டை வாசிக்கச் சொல்லிக் கத்தாதீர்கள். அதற்கு ஒரு நேரம் அவர்களே வைத்திருப்பார்கள். வாசிப்பு முடிந்து சீவாளியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் போய் ஒரு வார்த்தை நன்றாயிருந்தது என்று சொல்லுங்கள். எவ்வளவு களைத்திருந்தாலும் முகம் மலரும்.

அப்புறம், இரவு பிந்தினாலும் பள்ளியறைப் பூசை முடியும்வரை நில்லுங்கள். அத்தனை நேரம் வீதியை அதிர வைத்த அதே குழல் அப்போது தாலாட்டு ராகமான நீலாம்பரி வாசிக்கும். தவில் ஓய்ந்திருக்கும். போன வருடம் என் மகள் என் தோளிலேயே நித்திரையாகிவிட்டாள். வீட்டுக்குப் போகும் வழியில் ஓட்டோவில் கண் விழித்து, "அப்பா, நாளைக்கும் குச்சி மாமா வருவாரோ?" என்று கேட்டாள். அடுத்த நாளும் போனோம்.