எட்டும் எய்ட்டும்

அன்புள்ள ஐயா,
எங்கள் குடியிருப்பின் தமிழர் வாட்ஸ்அப் குழுவில், ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்கள் என்று ஒரு பட்டியல் சுற்றுகிறது. எய்ட் நம் எட்டு, கேஷ் நம் காசு, கேட்டமரான் நம் கட்டுமரம் என்று. என் மகள் இதை வைத்துப் பள்ளியில் பேசப்போகிறாள். நம்பலாமா?
— வாசகி, அல்சூர், பெங்களூரு

அன்புள்ள வாசகிக்கு,
கட்டுமரத்தைத் தயங்காமல் பேசட்டும். சோழமண்டலக் கரையில் கட்டைகளைப் பிணைத்துக் கடலேறியவர்களின் சொல் அது. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டேம்பியரின் பயண நூலில் 1697இலேயே அச்சேறிவிட்டது. இன்று அந்தப் பெயரில் ஓடும் இரட்டை உடல் படகின் வடிவம் வேறு. பெயர் நம் மீனவர் தந்ததுதான்.

எட்டை எடுத்துவிடுங்கள். எய்ட்டுக்கு ஜெர்மனில் அஹ்ட், லத்தீனில் ஆக்டோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட என்று உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒலிக்காமல் நிற்கும் ஜி, எச் இரண்டும் ஒருகாலத்தில் ஒலித்தவை. நம் எட்டுக்கோ அடி 'எண்'. எண்பது, எண்ணூறு என்னும்போது அது வெளியே வரும். உங்கள் தெருக் காய்கறிக்கடையில் கன்னடத்தில் எண்ட்டு என்பார்களே, அதிலும் அதே மூக்கொலி. பழைய வடிவங்களைத் தேடிப் போகப்போக இரண்டு சொற்களும் விலகுகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்திருந்தால் நெருங்கியிருக்க வேண்டும்.

காசில்தான் சிக்கல். ஆங்கிலத்தில் கேஷ் இரண்டு உண்டு. ரொக்கத்தைக் குறிப்பது, பணப்பெட்டிக்கான பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. சிறு நாணயத்தைக் குறித்த இன்னொன்று நம் காசு, போர்ச்சுகீசியர் வழியே போனது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்கில் 80 காசு 'பணம்' என்ற ஒரு நாணயம், 42 பணம் வராகன் என்ற ஒரு பொன் நாணயம்.

பட்டியலில் இல்லாத ஜிஞ்சரைச் சேர்க்கச் சொல்லுங்கள். இஞ்சிவேர் பாலி மொழியில் சிங்கிவேர ஆகி, கிரேக்கம், லத்தீன் கடந்து ஆங்கிலம் சேர்ந்தது. எவ்வளவு நீண்ட வழி! ஆனால் மலையாளத்திலும் இஞ்சிதான். ஆகவே திராவிடச் சொல் என்றே சொல்லட்டும். மேங்கோ, டீக் இரண்டுக்கும் இதே பேச்சு. மாங்காயையும் தேக்கையும் போர்ச்சுகீசியர் கேரளக் கரையில்தான் முதலில் கேட்டார்கள்.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. வகுப்பில் ஒரு பிள்ளை எட்டைப் பொய் என்று காட்டிவிட்டால், கட்டுமரத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நேரமிருந்தால் முல்லிகடானி சூப்பையும் சொல்லட்டும். மிளகுத்தண்ணீர்தான் அது, சந்தேகமே இல்லை.