பிளேயர் பியானோ வால்வுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐயா, அப்பப்பா காலத்துப் பிளேயர் பியானோ எங்கள் வீட்டில் இருக்கிறது. கையால் வாசித்தால் எல்லாக் கட்டைகளும் பேசுகின்றன. தானாக வாசிக்கவென்று ஓட்டை போட்ட காகிதச் சுருளைப் போட்டு மிதித்தால் பத்துப் பன்னிரண்டு கட்டைகள் விழவேயில்லை. அந்த வால்வுகளை மட்டும் மாற்றலாமா? (உவர்மலை)

வேண்டாம், 88 கட்டைகளின் வால்வுகளையும் சேர்த்தே செய்யுங்கள். சுருளின் ஓட்டை வந்ததும் காற்று உள்ளே போய் மெல்லிய தோல் சவ்வை உப்பவைக்கும். சவ்வு வால்வைத் தூக்கும். மிதிதுருத்தியின் உறிஞ்சல் அந்தக் கட்டையின் குட்டித் துருத்தியைச் சுருக்க, சுத்தியல் அடிக்கும். வால்வு எழும்புவது ஒரு மில்லிமீற்றரும் இல்லை. தோல் இறுகி வால்வு சரியாக உட்காராவிட்டால், அந்த மயிரிழை இடைவெளியில் உறிஞ்சல் முழுக்கப் போய்விடும். எல்லாத் தோலுக்கும் ஒரே வயது. மிச்சமுள்ளவையும் பின்னால் வரும்.

கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதி, எழும்பும் அளவை அளந்து குறித்துவையுங்கள். புதுத் தோலின் தடிப்பு மாறினால் அந்த அளவும் மாறும். இதில் அவசரப்பட்டு, மூடிய பெட்டியைத் திரும்பத் திறந்தவன் நான்.

சவ்வின் அருகே ஊசித்துளை ஒன்று இருக்கும். சுருளின் ஓட்டை கடந்ததும் காற்று அதன் வழியே வடியவேண்டும். தூசி அடைத்தால் கட்டை அமுங்கியபடியே நிற்கும். ஊதித் துப்புரவாக்குங்கள், கம்பி விட்டுக் குடையாதீர்கள். துளை பெருத்தால் சவ்வு உப்பாது.

கழற்றியதைத் திரும்ப ஒட்டத் தச்சு வேலைக்குரிய வெள்ளைப் பசை பாவிக்கலாமா? (மூதூர்)

தயவுசெய்து வேண்டாம். அப்படி ஒட்டிய ஒன்றைத் திறந்தபோது பலகையே பிய்ந்து வந்தது, மனம் நொந்துபோனேன். விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரப்பசைதான் சரி. நீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 60 பாகை செல்சியஸ் அளவில் உருக்குங்கள். கொதிக்கவிட்டால் பிடிப்புப் போய்விடும். சூடும் ஈரமும் பட்டால் இந்தப் பசை இளகும். நாளைக்கு இன்னொருவர் திருத்தவேண்டி வந்தாலும் மரத்துக்குச் சேதமில்லை.

உள்ளே சாம்பல் நிறக் குழாய்களில் வெள்ளைத் தூள் படிந்திருக்கிறது. (பாலையூற்று)

அது ஈயக் குழாய், அந்தத் தூள் நஞ்சு. வாயால் ஊதிப் பார்க்கவேண்டாம், பிள்ளைகளை அண்டவிடவேண்டாம். முகக்கவசமும் கையுறையும் போட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். அரித்த குழாயை மாற்றத்தான் வேண்டும்.

எந்த மாதத்தில் வேலையைத் தொடங்குவது? (நிலாவெளி)

மாரி முடிந்து, பெப்ரவரிக்குப் பிறகு. மழைக்காலத்தில் ஊதியிருக்கும் பலகையில் அளவு பிடித்தால், வறண்ட கச்சான் காற்று அடிக்கும்போது மரம் சுருங்கி வால்வுகள் மறுபடி கசியும். கடற்கரை வீடென்றால் பெட்டியை உப்புக்காற்று நேரே படாத உள்ளறைக்கு முதலில் மாற்றுங்கள்.