இடதுபக்கம் போக யு-டர்ன் எதற்கு? – சாலைச் சந்திப்புகள்: வாசகர் கேள்வி பதில்

டெட்ராய்ட்டில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். கடை இடதுபக்கம். மாப்பிள்ளையோ சிக்னலைத் தாண்டி நேரே போய், யு-டர்ன் அடித்துத் திரும்பி வந்து, அப்புறம் வலதுபக்கம் திரும்பினார். இது என்ன சுற்றுவழி? – வாசகி, தஞ்சாவூர்

மாப்பிள்ளை வழி தவறவில்லை. அந்தச் சுற்றுக்குப் பெயரே 'மிச்சிகன் லெஃப்ட்'. 1960-களிலிருந்து அந்த மாநிலத்தில் வழக்கத்தில் இருக்கிறது. அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால், நமக்கு ரைட் எடுப்பதில் உள்ள தொல்லை அவர்களுக்கு லெஃப்ட் எடுப்பதில். எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டித்தான் திரும்பியாக வேண்டும்.

சிக்னல் கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு தரப்புக்குப் பச்சை விழும் முறையைக் கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாற்சந்தியில் நேரே போக இரண்டு கட்டம், லெஃப்ட் எடுக்க இரண்டு கட்டம், ஆக நான்கு. ஒவ்வொரு கட்டம் மாறும்போதும் மஞ்சள், எல்லாப் பக்கமும் சிவப்பு, முதல் வண்டி கிளம்பும் தயக்கம் என்று சுமார் 4 விநாடி யாருக்கும் பயன்படாமல் போகிறது. 120 விநாடிச் சுற்றில் அப்படிப் போவது 16. திருப்பத்தைச் சந்திப்புக்கு வெளியே தள்ளிவிட்டால் இரண்டே கட்டம், இழப்பு 8. மிச்சமான 8 விநாடி சின்ன லாபம்தான். லெஃப்ட் அம்புக்குறிக்குத் தலா 15 விநாடி கொடுத்திருந்தால் அந்த 30 விநாடியும் நேரே போகிறவர்களுக்குத் திரும்பக் கிடைக்கிறதே, அதுதான் பெரிய லாபம். பாதுகாப்பிலும் வித்தியாசம் உண்டு. வண்டிகளின் பாதைகள் உரசும் இடங்கள் நாற்சந்தியில் 32, அதில் குறுக்கே வெட்டுபவை 16. மிச்சிகன் முறையில் மொத்தமே 16, குறுக்கே வெட்டுபவை 4.

நடுத்திட்டில் யு-டர்னுக்காக விடும் இடைவெளி சந்திப்பிலிருந்து சுமார் 660 அடி, அதாவது 200 மீட்டர் தள்ளி இருக்கும். அதைவிடக் கிட்டே வைத்தால், திரும்பி வந்த வண்டி வலக்கோடி லேனுக்கு மாற இடம் போதாது. தூரமாக வைத்தால் ஜனங்கள் சுற்ற மாட்டார்கள், தடையை மீறிச் சந்திப்பிலேயே திரும்புவார்கள். அடிக்கடி சொதப்புவது யு-டர்னுக்குக் காத்திருக்கும் லேனின் நீளத்தில். அது குட்டையாக இருந்தால் வரிசை நீண்டு, நடுத்திட்டை ஒட்டிய வேக லேனில் வால் நிற்கும். பின்னால் வருகிறவருக்கு அங்கே வண்டி நிற்கும் என்ற எண்ணமே இருக்காது.

கோவையில் பல இடங்களில் சிக்னலை நிறுத்திவிட்டு யு-டர்ன் வைத்தார்களே, அதுவும் இதுதானா? – வாசகர், கோவை

யோசனை ஒன்று, இடவசதி வேறு. மிச்சிகனில் இப்படிப்பட்ட அகலச் சாலைகளின் நடுத்திட்டு 60 அடி, 18 மீட்டர் அளவுக்குக்கூட இருக்கும். நம் ஊரில் பெரும்பாலும் ஒரு மீட்டர் சொச்சம்.

இதை அளந்தே பார்க்கலாம். கார் ஒரே மூச்சில் திரும்ப 10 மீட்டர் அகலம் வேண்டும். நடுத்திட்டை ஒட்டிய லேனிலிருந்து வளைத்தால், தன் பக்கம் 3 மீட்டர், திட்டு 1.2 மீட்டர் போக எதிர்ப்பக்கம் 6 மீட்டர் எடுத்துக்கொள்ளும். இரண்டு லேன் அடைபடும், ஆனால் முடிந்துவிடும். 12 மீட்டர் நீள பஸ்ஸுக்கு 22 முதல் 24 மீட்டர் வேண்டும். பக்கத்துக்கு மூன்று லேன் என்றாலும் 10.5 மீட்டர், திட்டு 1.2, மறுபடி 10.5, கூட்டினால் 22.2 மீட்டர். டிரைவர் என்ன செய்வார்? இடக்கோடிக்கு ஒதுங்கி, அங்கிருந்து மொத்தச் சாலையையும் மறித்து வளைப்பார். அப்படியும் முடியாவிட்டால் நடுவில் ரிவர்ஸ். இதற்கு மிச்சிகனில் செய்த பரிகாரம், யு-டர்னுக்கு நேர் எதிரே சாலையோரத்தைப் பிதுக்கி, லாரி வளைய அரைவட்டமாகக் கூடுதல் தளம் போடுவது. 'லூன்' என்பார்கள். அதில் ஆட்டோவும் தள்ளுவண்டியும் நிற்காமல் பார்த்துக்கொண்டால் நம் ஊருக்கும் பொருந்தும்.

இன்னொன்று, அங்கே சந்திப்பில் சிக்னல் இருக்கிறது. கட்டம்தான் குறைந்ததே தவிர, நடந்து போகிறவருக்குப் பச்சை உண்டு. சிக்னலையே எடுத்துவிட்டால் வண்டி ஓட்டம் அறாது. ரோட்டைக் கடக்க நிற்கும் பாட்டிக்கு இடைவெளி எங்கிருந்து வரும்? அவருக்குத் தனியாக ஒரு பட்டன் சிக்னலாவது வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு பாலத்தில் எல்லா வண்டியும் 'ராங் சைடில்' போவதைப் படத்தில் பார்த்தேன். மோதிக்கொள்ளாதா? – வாசகர், மதுரை

நீங்கள் பார்த்தது 'டைவர்ஜிங் டைமண்ட்'. பிரான்ஸில் 1970-களிலேயே உண்டு. அமெரிக்காவில் முதலாவது, மிசூரி மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் ஐ-44 நெடுஞ்சாலைச் சந்திப்பில் 2009 ஜூனில் திறந்தது. நெடுஞ்சாலைக்கு மேலே குறுக்குச் சாலை போகும் பாலத்துக்கு முன்னால் ஒரு சிக்னலில் இரு திசை வண்டிகளும் எக்ஸ் வடிவில் பக்கம் மாறிக்கொள்ளும். பாலத்தின் மேல் எல்லாரும் இடப்பக்கம். அதனால் நெடுஞ்சாலைக்கு லெஃப்ட் எடுப்பவர் யாரையும் வெட்டாமல் ரேம்பில், அதாவது சரிவான இணைப்புச் சாலையில், இறங்கிவிடலாம். பாலம் முடிந்ததும் இன்னொரு சிக்னல், பழைய பக்கத்துக்கே திரும்பல். உரசும் இடங்கள் 26-லிருந்து 14 ஆகின்றன.

எல்லாம் அந்த எக்ஸின் கோணத்தில் இருக்கிறது. 40, 45 டிகிரிக்குக் குறையாமல் வெட்டினால் எதிர்ச்சாலை வேறு சாலையாகவே கண்ணுக்குத் தெரியும். கோணம் படுத்துவிட்டால், ஓட்டுபவர் பழக்க தோஷத்தில் நேரே போய் எதிர்த்திசைக்குள் நுழைந்துவிடுவார். ஒரு குறையும் உண்டு. நெடுஞ்சாலையிலிருந்து வெளியே வந்த வண்டி குறுக்குச் சாலையைக் கடந்து நேராக மறுபடி நெடுஞ்சாலையில் சேர முடியாது. பாலத்துக்குக் கீழே நெடுஞ்சாலை அடைபட்டால் லாரிகளை வெளியே எடுத்து மறுபடி சேர்த்துவிடும் வித்தை இங்கே பலிக்காது.

நம்மைப்போல் இடப்பக்கம் ஓட்டும் ஊர்களில் விநோதம் எதுவும் இல்லையா? – வாசகி, திருச்சி

மெல்போர்னின் 'ஹூக் டர்ன்' இருக்கிறதே! ரைட் எடுக்க இடது லேனில் வரவேண்டும். பச்சையில் சந்திப்புக்குள் நுழைந்து, நடைபாதைக் கோட்டை மறிக்காமல் இடது ஓரமாகவே மறுமுனைவரை போய் நிற்க வேண்டும். திரும்பவேண்டிய தெருவுக்குப் பச்சை விழுந்ததும் வலதுபக்கம் போகலாம். நடுவில் ட்ராம் ஓடுவதால் அந்தத் தண்டவாளத்தில் கார் காத்து நிற்கக்கூடாது என்பதே காரணம்.

எங்கள் ஊர் நான்குவழிச் சாலையில், நடுத்திட்டு இடைவெளியில் ஓயாமல் விபத்து. மூடச் சொல்லலாமா? – வாசகர், விழுப்புரம் மாவட்டம்

மூடுவது பாதி வேலை. மூடிய மறுநாளே பைக்குகள் ஓரமாக எதிர்த்திசையில் ஓடத் தொடங்கும். மிசூரியில் 'ஜே-டர்ன்', வட கரோலினாவில் 'சூப்பர் ஸ்ட்ரீட்' என்று ஒரு முறை இருக்கிறது. நம் பக்கத்துக்கு மாற்றிச் சொன்னால், ஊர்ச்சாலையிலிருந்து வருகிறவர் நேரே கடக்கக்கூடாது. லெஃப்ட் எடுத்து, தள்ளியிருக்கும் யு-டர்னில் திரும்பி, எதிர்ச்சாலையில் வந்து சேர வேண்டும். ஒரே மூச்சில் இரு திசை வேகத்தையும் கணிக்கும் வேலை இல்லை. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் பார்த்தால் போதும். பக்கவாட்டில் இடித்து நொறுங்கும் மோதல் இதனால்தான் குறைகிறது.

வேகச் சாலையில் 200 மீட்டர் போதாது. மணிக்கு 80 கிலோமீட்டரில் விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. வேகம் எடுத்து, லேன் மாறி, மறுபடி வேகம் குறைக்க 300, 400 மீட்டராவது வேண்டும். திரும்புபவர் ஒதுங்கி நிற்கத் தனி லேனும் வேண்டும். நடுத்திட்டு குறுகலாக இருந்தால் அந்த இடத்தில் சாலையை அகலப்படுத்தித்தான் ஆகவேண்டும். போக 400, வர 400 என்று சைக்கிளில் வரும் பள்ளிப்பிள்ளை 800 மீட்டர் சுற்றாது. மனுவில் பழைய இடைவெளி இருந்த இடத்திலேயே சைக்கிள் போகும் அளவுக்குச் சுரங்கப்பாதையும், ஊர்ச்சாலை வந்து சேரும் முனையில் 'யு-டர்ன் 400 மீ' என்ற பலகையும் சேர்த்துக் கேளுங்கள்.